முப்பது வருஷக் கூலி

விடுமுறை வந்தால் பந்திங் வட்டாரத்து ஜனங்கள் பிள்ளைகுட்டிகளோடு போகிற மோரிப் கடற்கரை இருக்கிறதே, அங்கேதான் 1945 செப்டம்பர் 9-ஆம் தேதி பிரிட்டிஷ் இந்தியப் படை வந்து இறங்கியது. அதற்கு முன்பே, ஆகஸ்ட் 15-ல் ஜப்பான் சரணடைந்துவிட்டது. நம்ம பாட்டன்மார் சொன்ன ஜப்பான்காரன் காலம் அதோடு முடிஞ்சுபோச்சு.

ஆனால் சேதி எட்டாமலும், எட்டியும் நம்பாமலும் பசிபிக் தீவுக் காடுகளில் பதுங்கிக் கிடந்த சிப்பாய்கள் பல பேர். அவர்களில் கடைசியாக அகப்பட்டவரின் கதை இது.

ஜப்பான் பட்டாளம் அவருக்கு வைத்த பெயர் நகமுரா தெருவோ. ஆனால் அவர் ஜப்பானியரே அல்ல. 1919-ல் தைவான் தீவில் அமிஸ் என்ற பழங்குடியில் பிறந்தவர். தாய்மொழியில் அவர் பெயர் அத்துன் பலாலின். தைவான் அப்போது ஜப்பானின் காலனி. 1943-ல் பழங்குடி இளைஞர்களைத் திரட்டிய தொண்டர் படையில் சேர்க்கப்பட்டார். இந்தோனேசியாவின் மொரோத்தாய் தீவுக்கு அனுப்பினார்கள். 1944 செப்டம்பரில் நேசப்படை அந்தத் தீவைப் பிடித்தது. தப்பியவர்கள் காட்டுக்குள் ஓடினார்கள். பட்டாளம் அவரைச் செத்தவர் கணக்கில் எழுதிவிட்டது.

பத்துப் பன்னிரண்டு வருஷம் கூட்டாளிகளோடு இருந்தார். 1956-வாக்கில் தனியே பிரிந்து, சின்னக் குடிசை போட்டு, வேலி அடைத்துப் பயிர் வைத்துக்கொண்டார். பேச்சுத் துணைக்கு ஆள் கிடையாது. 1974-ல் ஆகாய விமானத்திலிருந்து பார்த்த ஒருவர் கண்ணில் அந்தக் குடிசை பட்டது. டிசம்பர் 18-ல் இந்தோனேசியச் சிப்பாய்கள் அவரைப் பிடித்தார்கள். ஜக்கார்த்தா ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள்.

இனிமேல்தான் நமக்கு வேண்டிய விஷயம். அதே வருஷம் மார்ச்சில் பிலிப்பீன்ஸ் காட்டிலிருந்து ஒனோடா என்ற ஜப்பானிய அதிகாரி வெளியே வந்திருந்தார். அவரைத் தோக்கியோ தலையில் வைத்துக் கொண்டாடியது. நகமுராவுக்குக் கிடைத்ததோ 68,000 யென். அன்றைய கணக்குக்குச் சுமார் 227 அமெரிக்க டாலர். முப்பது வருஷத்துக்கு! ஓய்வூதியமும் இல்லை. போர் முடிந்ததும் தைவான் ஜப்பான் கையை விட்டுப் போயிற்று. 1953-ல் மாற்றிய சட்டப்படி காலனிச் சிப்பாய்க்குப் பாத்தியதை கிடையாதாம். துப்பாக்கி தூக்கும்போது நம்ம ஆள், சம்பளம் என்றதும் அந்நியன். இந்தக் கணக்கு நமக்குப் புதுசா? சயாம் ரயில் பாதை போட ஆயிரம் ஆயிரமாக நம்ம ஆட்களை வாரிக்கொண்டு போனவர்கள்தானே!

பத்திரிகைகள் சும்மா விடவில்லை. பலத்த கூக்குரல் எழுந்த பிறகே மேற்கொண்டு பணம் வந்தது. கேட்காமல் வரவில்லை.

அவர் ஜப்பானுக்குப் போகவில்லை. 1975-ல் நேராகத் தைவான் திரும்பினார். அங்கே சீன அரசாங்கம் லீ குவாங் ஹுய் என்று மூன்றாவதாக ஒரு பெயர் எழுதி வைத்திருந்தது. செக்ரோலில் கிராணி எழுதினதே பெயர் என்று வாழ்ந்த நம்ம பெரியவர்கள் ஞாபகத்துக்கு வருகிறார்கள். செத்துவிட்டார் என்று நம்பிய மனைவி வேறு கல்யாணம் செய்துகொண்டிருந்தார். அந்த அம்மாவைக் குறை சொல்ல முடியுமா?

ஊரில் நாலு வருஷத்துக்கு மேல் கொஞ்சம் இருந்தார். 1979 ஜூன் 15-ல் நுரையீரல் புற்றுநோயால் காலமானார்.