டி.என்.ஏ.வைப் படம் பிடித்த ரோசலிண்ட் பிராங்கிளின் அம்மையார்

பிள்ளை பிறந்த வீட்டுக்குப் போகிறவர்கள் முதலில் என்ன சொல்கிறார்கள்? மூக்கு அப்பனைப் போல, கண்ணு பாட்டியைப் போல என்பதுதான். இந்தச் சாயலைச் சுமந்து வருவது நம் உயிரணுக்களுக்குள் இருக்கும் டி.என்.ஏ. என்னும் மிக மெல்லிய இழை. அந்த இழையின் உருவத்தைக் கண்டறியப் பாடுபட்ட ஒரு பெண்மணியின் வரலாறு இது. மாணவச் செல்வங்களும் பெற்றோர்களும் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும்.

ரோசலிண்ட் பிராங்கிளின் 1920 ஜூலை 25ஆம் நாள் லண்டனில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். வசதியான குடும்பம்தான், விடியுமுன் பெரட்டுக்கு ஓட வேண்டிய குடும்பம் அல்ல. ஆனால் பணம் மட்டும் போதுமா? 1941இல் அவர் கேம்பிரிட்ஜில் படித்துத் தேறியபோது, அந்தப் பல்கலைக்கழகம் பெண்களுக்கு முழுமையான பட்டம் கொடுப்பதில்லை. 1948இல்தான் அந்த நிலை மாறியது. போர்க்காலத்தில் நிலக்கரியை ஆராய்ந்து 1945இல் டாக்டர் பட்டம் பெற்றார். பிறகு பாரிஸ் சென்று, எக்ஸ்ரே கதிரால் பொருள்களின் உள்ளமைப்பைக் காணும் வித்தையைக் கற்றார்.

இது ஆஸ்பத்திரியில் நெஞ்சைப் படம் பிடிக்கிற எக்ஸ்ரே மாதிரி அல்ல. அணுக்கள் ஒழுங்காக அமைந்த பொருளில் கதிரைப் பாய்ச்சினால், அது சிதறிப் பிலிமில் புள்ளிகளாக விழும். அந்தப் புள்ளிகளின் தூரத்தையும் கோணத்தையும் வைத்துக் கணக்குப் போட்டு, எந்த அணு எங்கே இருக்கிறதென்று கண்டுபிடிக்க வேண்டும். படம் எடுப்பது பாதி வேலை, கணக்கு மீதி வேலை.

1951இல் லண்டன் கிங்ஸ் கல்லூரியில் டி.என்.ஏ.வை ஆராயும் பணி கிடைத்தது. அதே வேலையில் அங்கே முன்பே இருந்தவர் மோரிஸ் வில்கின்ஸ். யார் எதற்குப் பொறுப்பு என்று மேலிடம் தெளிவாகச் சொல்லவில்லை. அதனால் இருவருக்கும் ஆரம்பத்திலேயே மனத்தாங்கல்.

அம்மையார் வேலையில் இறங்கிவிட்டார். அப்பளம் ஈரக்காற்றில் நமத்துப் போகிறதல்லவா? டி.என்.ஏ. நூலும் அப்படித்தான், ஈரத்தை வாங்கினால் நீளும், காய்ந்தால் சுருங்கும். உப்புக் கரைசலைக் கொண்டு காற்றின் ஈரத்தை அளவாக வைத்து, உலர்ந்த வடிவம் ஒன்று, ஈரமான வடிவம் ஒன்று என இரண்டையும் தனித்தனியே பிரித்துக் காட்டினார். இரண்டும் கலந்து கிடந்ததால்தான் முந்தைய படங்கள் பல குழப்பமாக இருந்தன.

1952 மே மாதம் அவருடைய மாணவர் ரேமண்ட் காஸ்லிங், 60 மணி நேரத்துக்கு மேல் கதிர் பாய்ச்சி 51ஆவது படத்தை எடுத்தார். நடுவிலே பெருக்கல் குறி போல் கரும்புள்ளிகள். திருகிய கயிறு போன்ற வடிவத்துக்கு அதுவே அடையாளம்.

1953 ஜனவரியில் அந்தப் படத்தை வில்கின்ஸ், கேம்பிரிட்ஜிலிருந்து வந்த ஜேம்ஸ் வாட்சனிடம் காட்டினார். அம்மையாருக்குத் தெரியாது. அவர் கணக்கிட்ட அளவுகளும் ஓர் அறிக்கை வழியாகக் கேம்பிரிட்ஜ் போய்ச் சேர்ந்தன. வாட்சனும் பிரான்சிஸ் கிரிக்கும் இரட்டைத் திருகு மாதிரியைக் கட்டி, ஏப்ரல் 25இல் நேச்சர் இதழில் வெளியிட்டார்கள். அம்மையாரின் கட்டுரையும் அதே இதழில், பின்னால் வந்தது. படித்தவர்கள் அதை வெறும் சாட்சி என்று நினைத்துக்கொண்டார்கள்.

இரண்டு இழைகளும் எப்படிச் சோடி சேர்கின்றன என்று கண்டது அவ்விருவரின் மூளைதான். அதை மறுக்கக் கூடாது. ஆனாலும் பக்கத்து வீட்டு அம்மியில் அரைத்தால்கூட நாம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தானே அரைக்கிறோம்?

அம்மையார் அதற்குள் பிர்க்பெக் கல்லூரிக்கு மாறி, புகையிலைச் செடியைத் தாக்கும் வைரஸ் கிருமியை ஆராயத் தொடங்கியிருந்தார். 1956இல் புற்றுநோய் கண்டது. சிகிச்சைக்கு நடுவிலும் வேலையை விடவில்லை. 1958 ஏப்ரல் 16இல் காலமானார். வயது 37. மறுநாள் பிரஸ்ஸல்சில் உலகக் கண்காட்சி திறந்தது; அதில் அவர் செய்த வைரஸ் மாதிரி வைக்கப்பட்டிருந்தது.

1962இல் வாட்சன், கிரிக், வில்கின்ஸ் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. இறந்தவரைப் பரிசுக்கு எடுத்துக்கொள்ள விதியில் இடமில்லை. மனிதனின் டி.என்.ஏ.வில் உள்ள ஏறத்தாழ 300 கோடி எழுத்துச் சோடிகளைப் படிக்கும் பெருந்திட்டம் 1990இல் தொடங்கி 2003இல் முடிந்தது. லண்டனில் அம்மையாரின் கல்லறைக் கல்லில் வைரஸ் ஆராய்ச்சியைப் பற்றி எழுதியிருக்கிறது. டி.என்.ஏ. என்ற சொல்லே அதில் இல்லை.