அச்சுக்கோத்த ஓட்டவீரர்

புகழ் பெற்ற ஓட்டவீரர் என்றவுடன் நம்மனோர் உள்ளத்தே தோன்றுவது, பல நாட்டார் கூடிய அரங்கிற் கொடிகள் அசைய, வட்டப் பாதையில் மின்னலெனப் பாய்ந்து செல்லும் ஓர் இளைஞன் வடிவமே. ஈண்டு நாம் கூறப் புகுந்த கிளாரென்ஸ் டெமார் என்பார் அத்தகையர் அல்லர். அவர் அச்சகத்தில் நாள் முழுதும் நின்று எழுத்துக் கோத்தவர். ஞாயிறுதோறும் சிறுவர்க்கு வேதபாடம் கற்பித்தவர். வேலைக்குச் செல்லும் வழியும் வேலையினின்று மீளும் வழியுமே அவர்க்குப் பயிற்சிக் களம். அங்ஙனமாகவும், அமெரிக்க நாட்டுப் பாஸ்டன் மாநகரில் 1897 முதல் நடைபெற்றுவரும் மாரத்தான் ஓட்டத்தில், கால்கொண்டு ஓடுவோருள் ஏழு முறை முதல்வராய் வந்தவர் அவரையன்றிப் பிறரிலர்.

டெமார் 1888-ஆம் ஆண்டு ஜூன் 7-ஆம் நாள் ஒஹையோ மாகாணத்து மடீரா என்னும் சிற்றூரிற் பிறந்தார். எட்டு வயதில் தந்தையை இழந்தார். ஊசி, நூல் முதலிய சிறு பண்டங்களைச் சுமந்துகொண்டு வீடு வீடாய்ச் சென்று விற்று, அவ்விளம் பருவத்திலேயே தாய்க்குத் துணைநின்றார். பின்னர்க் குடும்பம் மாஸசூஸெட்ஸ் மாகாணத்திற் குடியேறியபோது, வறிய சிறுவர்க்கென்று பாஸ்டன் துறைமுகத்துத் தீவொன்றில் அமைந்திருந்த பண்ணைப் பள்ளியில் அவர் சேர்க்கப்பட்டார். பதினாறு வயதில் அத்தீவை விட்டு வெளியேறி, வெர்மான்ட் மாகாணத்திற் பழத்தோட்டத்து வேலை செய்து, அம்மாகாணப் பல்கலைக்கழகத்திற் புகுந்தார். 1909-இல் அங்கேதான் முதன்முதலாக நாட்டுப்புற நெடு ஓட்டக் குழுவிற் சேர்ந்தார். ஆயினும் தாயைத் தாங்கும் கடமை முன்னின்றமையால், படிப்பை இடையில் விட்டுப் பாஸ்டனை அடுத்த பகுதியில் அச்சுத்தொழிலை மேற்கொண்டார்.

அக்காலத்தே இவ்வோட்டங்களிற் பொருட்பரிசு இல்லை. கடிகாரம், கிண்ணம், பதக்கம் என்பனவே வென்றார் பெறுவன. ஆதலின் தச்சர், கொல்லர், கடைச்சிப்பந்திகள் முதலிய பல தொழிலாளரும் விடுமுறை நாளில் வந்து ஓடிவிட்டு, மறுநாள் தத்தம் வேலைக்குத் திரும்புவர். சிற்றூர்களில் நிகழும் ஐந்து மைல், பத்து மைல் ஓட்டங்களில் மற்றொரு வழக்கமும் இருந்தது. ஆற்றல் குறைந்தோரைச் சில நிமிடங்கள் முன்னதாக ஓடவிட்டு, வல்லாரைக் கடைசியாக விடுவர். எனவே முன்னே செல்வாரை ஒவ்வொருவராய்த் துரத்திப் பிடித்தலே வல்லார்க்கு வேலையாயிற்று. இவ்வேற்பாடு நம் ஊர் விளையாட்டு விழாக்களிலும் வரின் நன்றாம் என்பது நம் கருத்து. முதல்வன் யார் என்பது தொடங்குமுன்னரே தெரிந்துவிட, இரண்டாம் சுற்றில் மரநிழலை நாடி ஒதுங்கும் மாணவர் தொகையாவது குறையுமன்றோ!

1910-ஆம் ஆண்டு டெமார் முதன்முறையாகப் பாஸ்டன் ஓட்டத்திற் கலந்து இரண்டாமவராய் வந்தார். மறு ஆண்டு ஏப்ரலில் ஓட்டம் தொடங்குமுன் வீரர்களைச் சோதித்த வைத்தியர்கள், அவர் நெஞ்சிற் செவி வைத்துக் கேட்டபோது, இருதய ஒலியோடு ஒரு முணுமுணுப்பும் கலந்திருக்கக் கண்டனர். இன்னும் ஓரிரண்டு ஓட்டங்களோடு நிறுத்திக்கொள்ளுமாறு எச்சரித்தனர். அன்று அவர் ஓடினார். 2 மணி 21 நிமிடம் 39 விநாடியில் முதல்வராய் வந்தார். அதுகாறும் இருந்த சிறந்த காலத்தினும் இஃது இரண்டரை நிமிடத்திற்கு மேற் குறைவாம். அந்நாளில் அப்பாதை இருபத்தைந்து மைலினும் சற்றுக் குறைந்தது என்பதையும் ஈண்டுக் குறித்தல் வேண்டும்.

வென்றாரெனினும் எச்சரிக்கை அவர் உள்ளத்தினின்று அகலவில்லை. 1912-இல் ஸ்டாக்ஹோம் நகரத்து ஒலிம்பிக் விழாவிற் கடும் வெயிலில் ஓடிப் பன்னிரண்டாமவராய் வந்தார். அவ்வோட்டத்திலேதான் போர்ச்சுகல் நாட்டு வீரர் பிரான்சிஸ்கோ லாசரோ என்பார் வழியில் வீழ்ந்து மறுநாள் உயிர் நீத்தார். வைத்தியர் சொல் ஒருபுறம். ஓடிப் புகழ் தேடுதல் கிறிஸ்தவன் ஒருவனுக்குத் தகுமோ என்ற ஐயம் மறுபுறம். விட்ட படிப்பை முடிக்கும் வேட்கை இன்னொருபுறம். இம்மூன்றும் சேர்ந்து அவரை மாரத்தானினின்று விலக்கின. ஹார்வர்டுப் பல்கலைக்கழகத்தின் புறவகுப்புக்களிற் பயின்று 1915-இற் பட்டம் ஒன்று பெற்றார். 1917-இல் ஒருமுறை தோன்றி மூன்றாமவராய் வந்தார்; பின்னர்ப் படையிற் சேவை செய்தார். ஓட்டவீரன் ஒருவனுடைய உடல் முழு வன்மையோடு விளங்கும் பருவம் இவ்வாறு அச்சத்திலும் ஐயத்திலும் பெரும்பாலும் கழிந்தது. அவ்வாண்டுகளில் அவர் தடையின்றி ஓடியிருப்பின் வெற்றிகள் ஏழோடு நின்றிரா என்று நாம் எண்ணுகிறோம்.

நிற்க. 1922-ஆம் ஆண்டு, முப்பத்து மூன்று வயதில், டெமார் மீண்டும் பாஸ்டன் பாதையில் நின்றார். முதல் வெற்றிக்குப் பதினோராண்டு கழித்து, அதே பாதையை 2 மணி 18 நிமிடம் 10 விநாடியில் ஓடி முடித்துப் புதிய வரம்பு கண்டார். 1923-இலும் 1924-இலும் அவரே முதல்வர். 1924-இற் பாரிஸ் ஒலிம்பிக்கில் மூன்றாமிடம் பெற்று வெண்கலப் பதக்கம் அணிந்தார். 1927, 1928 ஆகிய ஆண்டுகளிலும் வென்றார். இறுதி வெற்றி 1930-இல். அப்போது அவர்க்கு வயது நாற்பத்தொன்று. அவ்வயதில் அங்கே முதல்வராய் வந்த ஆடவர் அவர்க்கு முன்னும் இலர், பின்னும் இலர்.

இத்தனைக்கும் பயிற்சியாளர் சொற்கேட்டு நடக்கும் இயல்பு அவரிடம் இல்லை. உலர்ந்த சட்டையொன்றைக் கையிற் கொண்டு அச்சகத்திற்கு ஓடுவார். அங்கே சட்டை மாற்றி எழுத்துப் பெட்டியின் முன் நிற்பார். மாலையில் மீண்டும் ஓடி இல்லம் சேர்வார். நாளொன்றுக்குப் பதினான்கு மைல் வரை இவ்வாறு கடந்ததுண்டு. ஓய்வு நேரம் இல்லையென்று வருந்தும் நம்மனோர் இதனைச் சிறிது எண்ணிப் பார்க்கலாம்.

அவரைக் குற்றமற்ற சான்றோராகக் காட்டுதல் நம் நோக்கமன்று. அவர் சிடுசிடுப்பு மிக்கவர். ஓடும்போது வழிமறித்துப் பேச்சுக் கொடுப்பாரையும், தொட்டுத் தட்டிக்கொடுப்பாரையும் அவர் சிறிதும் பொறார். கைநீட்டி அடித்ததும் உண்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் வேதம் கற்பித்தவர் வழியில் நின்றாரை அடித்தல் எங்ஙனம் பொருந்தும் என்று வினவுவார்க்கு நாம் விடை கூறவல்லேம் அல்லேம். மோட்டார் வண்டிகளும் சைக்கிள்களும் ஓடுவார் முழங்காலை உரசிச் சென்ற சாலைகள் அவை என்பதை மட்டும் சொல்லுவோம்.

பின்னர் நியூ ஹாம்ப்ஷயர் மாகாணத்துக் கீன் நகரில் ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் அச்சுக்கலை கற்பித்தார். 1937-இல் தம் ஓட்ட வாழ்க்கையை நூலாக எழுதி வெளியிட்டார். வெற்றி இனி வாராது என்று தெளிந்த பின்னரும் அவர் பாதையை விட்டிலர். ஊர் ஓட்டங்களிற் பேரப்பிள்ளை வயதினரோடு நின்று, அவர்க்குப் பின்னே வருவதில் நாணாது ஓடினார். நம் மதிப்பில், ஏழு வெற்றிகளினும் இவ்விருபத்து நான்கு ஆண்டுகளே பெரியன. பாஸ்டன் ஓட்டத்தில் அவர் கடைசியாகக் கலந்தது 1954-இல், அறுபத்தைந்தாம் வயதில். அன்று எழுபத்தெட்டாமவராய் வந்து சேர்ந்தார். 1957-இல், புற்றுநோய் உடலிற் புகுந்த பின்னரும், மெய்ன் மாகாணத்துப் பாத் என்னும் ஊரிற் பதினைந்து கிலோமீட்டர் ஓட்டத்தில் ஓடினார்.

1958-ஆம் ஆண்டு ஜூன் 11-ஆம் நாள், எழுபது வயது நிறைந்த நான்காம் நாள், மாஸசூஸெட்ஸ் மாகாணத்து ரெடிங் என்னும் ஊரில் அப்புற்றுநோயால் அவர் உயிர் நீங்கிற்று. பால் டட்லி ஒயிட் என்பார் அந்நாட்டில் இருதய நோய் வல்லாருள் தலைசிறந்தவர். அவரும் ஜேம்ஸ் கரன்ஸ் என்னும் வைத்தியரும் டெமாருடைய உடற்சோதனையின் முடிவுகளை 1961-இல் வெளியிட்டனர். ஓரிரண்டு ஓட்டத்திற்கு மேல் தாங்காது என்று 1911-இல் அஞ்சப்பட்ட அவ்விருதயத்திற்குக் குருதி கொண்டுசெல்லும் நாளங்கள், ஏனையோர்க்கு உள்ளவற்றினும் இரண்டு மூன்று மடங்கு அகன்று கிடந்தன. முதுமையால் அவற்றின் சுவரிற் சிறிது தடிப்பு ஏறியிருந்தும், குருதி செல்லும் வழி அடைபடவில்லை.

1978 முதல் கீன் நகரில் அவர் பெயரால் ஒரு மாரத்தான் ஓட்டம் நடைபெறுகின்றது. கில்சம் என்னும் மலைச்சிற்றூரிற் புறப்பட்டு, அவர் அச்சுக்கலை கற்பித்த நகரில் வந்து முடிகின்றது அப்பாதை.