பனிப்புயலை அளந்த மாசன்

தென் துருவம் என்றால் ஆமுண்ட்சென், ஸ்காட் பெயர்கள்தான் நமக்கு ஞாபகம் வரும். நான் எழுதப் போவது அதே காலத்தில் அண்டார்டிகா போன டக்ளஸ் மாசன் பற்றி. இவர் துருவத்தில் கொடி நடப் போகவில்லை. யாரும் பார்க்காத ஒரு கடற்கரையை ஆராயப் போனார்.

மாசன் 1882-இல் இங்கிலாந்தில் பிறந்தார். இரண்டு வயதிலேயே குடும்பத்தோடு ஆஸ்திரேலியா வந்துவிட்டார். நிலவியல் படித்து அடிலெய்டு பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளர் ஆனார். ஸ்காட் தன் குழுவுக்குக் கூப்பிட்டும் போகாமல், தானே ஒரு குழுவைச் சேர்த்தார்.

1912 ஜனவரியில் டெனிசன் முனையில் 18 பேர் தங்க மரவீடு கட்டினார்கள். இறங்கின அன்று காற்றே இல்லை. அப்புறம்தான் தெரிந்தது அது எப்பேர்ப்பட்ட இடம் என்று! உள்ளே உயரமான பனிமேட்டில் குளிர்ந்து கனமாகும் காற்று, சரிவில் கடலைப் பார்த்துப் பாய்ந்து வருகிறது. அங்கே வருடச் சராசரியே மணிக்குச் சுமார் 80 கிலோமீட்டர்!

வீடு கூரை வரைக்கும் பனியில் புதைந்து போச்சு. அதுவே குளிரைத் தடுத்ததால் நல்லதாப் போச்சு. உள்ளே யாரும் சும்மா படுத்திருக்கவில்லை. நாம் முறை வைத்து வகுப்பறை பெருக்குகிற மாதிரி, அவங்களும் எல்லா வேலைக்கும் முறை வைத்தார்கள். ஒருத்தர் சமையல். ஒருத்தர் பனிக்கட்டியை வெட்டி வந்து உருக்கித் தண்ணீர் ஆக்கணும். ராத்திரி காவல்காரர் அடுப்பு அணையாமல் நிலக்கரி போடணும், கருவிகளையும் பார்க்கணும். சீல், பென்குயின் கறிதான் அடிக்கடி சாப்பாடு.

ரொம்பக் கஷ்டமான வேலை மாடிகனுடையது. காற்றின் வேகத்தை அளக்கும் கருவி வெளியே மேட்டில் இருந்தது. பனிப்புயலில் நீட்டின கையே தெரியாது. பூட்சில் இரும்பு முள் கட்டிக்கொண்டு, காற்றின் மேல் சாய்ந்தும் தவழ்ந்தும் போகணும். திரும்பி வரும்போது முகத்தில் பனி முகமூடி போல உறைந்திருக்கும். போகாவிட்டால் அன்றைய கணக்கு விட்டுப்போகும். அதனால் போனார்.

1912 நவம்பரில் மாசன், நின்னிஸ், மெர்ட்ஸ் மூவரும் நாய் வண்டிகளோடு கிழக்கே போனார்கள். டிசம்பர் 14 அன்று நின்னிஸ் பனிப்பிளவில் விழுந்து மறைந்தார். நல்ல நாய்களும், கூடாரமும், பெரும்பகுதி உணவும் அவரோடு போய்விட்டன. வீடு 500 கிலோமீட்டர் தூரத்தில்! மீதி நாய்களைத் தின்று நடந்தார்கள். ஜனவரி 8-இல் மெர்ட்ஸும் இறந்தார். மாசனின் உள்ளங்கால் தோல் தனியே கழன்று வந்தது. அதை மறுபடி வைத்துக் கட்டிக்கொண்டு தனியாக நடந்தார். ஒரு பிளவில் விழுந்து, கயிற்றைப் பிடித்து ஏறி வந்தார். வீட்டுக்கு 9 கிலோமீட்டர் இருக்கும்போது பனிப்புயல் அவரை ஒரு குகையில் ஒரு வாரம் நிறுத்திவிட்டது. பிப்ரவரி 8-இல் வீடு வந்தால், கப்பல் சில மணி நேரம் முன்புதான் கிளம்பியிருந்தது! இதைப் படிச்சப்போ எனக்கு அழுகையே வந்துவிட்டது.

ஆனால் அவருக்காக ஆறு பேர் அங்கேயே தங்கியிருந்தார்கள். மாடிகனும் அதில் ஒருவர். இன்னொரு குளிர்காலம், மறுபடி அதே புயல். அந்த வருடமும் சமையல் முறை நடந்தது, காற்றையும் அளந்தார்கள். அவங்க எழுதி வைத்த கணக்கால்தான், கடல்மட்ட அளவில் உலகிலேயே அதிகம் காற்று வீசும் இடங்களில் அது ஒன்று என்று தெரிந்தது.

1914-இல் ஊர் திரும்பின மாசனுக்குச் சர் பட்டம் கிடைத்தது. பிறகு பேராசிரியர் ஆனார். 1958-இல் காலமானார். 1954-இல் ஆஸ்திரேலியா அண்டார்டிகாவில் தொடங்கிய நிலையத்துக்கு அவர் பெயரைத்தான் வைத்தார்கள். மாசன் நிலையத்தில் இன்றைக்கும் காற்றை அளந்து எழுதுகிறார்கள்.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி