வழியோர மருத்துவர் ஐடா ஸ்கடர் அம்மையார்

வேலூர் கிறித்தவ மருத்துவமனையை அறியாத குடும்பம் நம்மிடையே அரிது. ஆயின், அதனை நிறுவிய அம்மையாரின் வாழ்வைத் திருப்பிய இரவு, நம்மவர் பலர் வாழும் திண்டிவனத்தில் நிகழ்ந்தது என்பதை அறிந்தோர் சிலரே.

ஐடா ஸ்கடர் 1870-ஆம் ஆண்டு இராணிப்பேட்டையில் பிறந்தார். பாட்டனார் காலந்தொட்டு இந்நாட்டில் மருத்துவத் தொண்டு புரிந்த அமெரிக்கக் குடும்பம். ஐடாவுக்கோ இங்குத் தங்கும் எண்ணமே இல்லை. அமெரிக்காவில் கல்வி பயின்றவர், நோயுற்ற தாயாருக்குத் துணையாகவே திண்டிவனம் வந்தார். ஓரிரவு, பேறுகால வேதனையில் தவித்த தம் மனைவியரைக் காக்க வேண்டி மூவர் ஒருவர்பின் ஒருவராக அவரை நாடி வந்தனர். ஒருவர் அந்தணர், ஒருவர் இசுலாமியர், மற்றவரும் உயர்குடியினர். தாம் மருத்துவம் கற்றவரல்லர் என்று கூறி, மருத்துவரான தந்தையாரை அழைத்துச் செல்லுமாறு அவர் வேண்டினார். அயல் ஆடவர் பெண்ணைத் தொடலாகாது என மூவரும் மறுத்துச் சென்றனர். பொழுது விடிந்தபோது மூன்று பெண்களும் உயிருடன் இல்லை. மருத்துவம் கற்பது என அந்த இளம்பெண் உறுதி பூண்டார்.

1899-இல் பட்டம் பெற்று, 1900-இல் வேலூர் வந்தார். சில திங்களில் தந்தையார் காலமானார். நியூயார்க் செல்வர் ஒருவர் தம் மனைவியின் நினைவாக அளித்த பத்தாயிரம் டாலரைக் கொண்டு, 40 படுக்கைகளுடன் மருத்துவமனை ஒன்று 1902-இல் எழுந்தது.

மருத்துவமனை இருந்தும் என்ன? வண்டிக் கூலிக்கு வழியற்றவர் அங்கு வருவதெப்படி? எனவே அம்மையாரே புறப்பட்டார். குடியாத்தம் சாலையில், குறித்த நாளில், மரநிழலில் வண்டியை நிறுத்துவார். புண்ணுற்றோர், கண்ணோயாளர், ஊரார் ஒதுக்கிய தொழுநோயாளர் அனைவரும் அங்கே காத்திருப்பர். மருந்துப் பெட்டி திறக்கப்படும், கட்டுகள் மாற்றப்படும், வண்டி அடுத்த மரத்தடிக்கு நகரும். பின்னர் மோட்டார் வண்டி வந்தபோது, அதனை முன்பின் கண்டிராத சிற்றூர் மக்கள் அஞ்சி ஓடினராம்.

வகுப்பறையில் வாழ்நாளைக் கழித்த எமக்கு, அவரது கல்விப் பணியே இவை எல்லாவற்றினும் பெரிதாகத் தோன்றுகிறது. ஒருவரே எத்தனை ஊருக்குச் செல்ல இயலும்? 1909-இல் செவிலியர் பயிற்சியைத் தொடங்கினார். 1918-இல் பெண்களுக்கென மருத்துவப் பள்ளி திறந்தார். மூவர் விண்ணப்பித்தாலே பெரிது என்றனர் ஐயுற்றோர். வந்தவை 151 விண்ணப்பங்கள். முதலாண்டுத் தேர்வில் ஆடவர் பலர் தவறிய நிலையில், எழுதிய 14 பெண்களும் தேறினர். 1922-இல் அவர்கள் மருத்துவராக வெளிவந்தனர்.

அப்பள்ளியே பின்னர்ப் பல்கலைக்கழக இணைப்புப் பெற்ற கல்லூரியாயிற்று. 1947-இல் ஆண்களையும் சேர்த்துக்கொண்டது. ஓய்வுக்குப்பின் கோடைக்கானலில் வாழ்ந்த அம்மையார், 1960-ஆம் ஆண்டு மே மாதம் தமது 89-ஆம் வயதில் அங்கேயே இயற்கை எய்தினார்.