எச்சத்தை மறைக்காத துலாக்கோல்

கவிஞரின் மைந்தன் கவிஞனாகவே வளரவேண்டும் என்னும் நியதி இல்லை. தந்தையின் எழுதுகோலில் இருந்த நேர்மை மைந்தனின் கையில் வேறொரு கருவியாக அமைவதும் உண்டு. ஹங்கேரி நாட்டு இயற்பியல் அறிஞர் லோராண்ட் எட்வெஷ் அவர்களின் வாழ்வு அத்தகையது. இயற்கையில் எவரும் காணாத விசையொன்று மறைந்திருக்கிறதோ என்று 1986ஆம் ஆண்டில் அறிவியல் உலகம் ஐயுற்றது. அந்த ஐயத்திற்கு வித்திட்டவை, அறுபத்தாறு ஆண்டுகளுக்கு முன்பே மறைந்துவிட்ட அவர் விட்டுச்சென்ற சில சிறிய எண்களே.

1848ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 27ஆம் நாள் புடா நகரில் அவர் பிறந்தார். தந்தையார் யோசெஃப் எட்வெஷ் கவிஞர், நாவலாசிரியர், புரட்சியின் அவ்வாண்டில் அமைந்த அரசில் கல்வி அமைச்சர். குழந்தை பிறந்த சில திங்களிலேயே அரசியல் புயல் அவரை நாட்டைவிட்டு வெளியேறச் செய்தது. பின்னர்த் திரும்பி வந்த அவர், 1867இல் மீண்டும் அமைச்சரானார். மறு ஆண்டே தொடக்கக் கல்வியைக் கட்டாயமாக்கும் சட்டத்தைக் கொண்டுவந்தார்.

குடும்ப மரபுப்படி மகன் சட்டம் பயிலத் தொடங்கினார். மனமோ இயற்கையின் விதிகளை நாடியது. 1867இல் ஹைடல்பெர்க் சென்று, கிர்க்காஃப், புன்சன், ஹெல்ம்ஹோல்ட்ஸ் ஆகிய பேராசான்களிடம் பயின்றார். இடையே வடதுருவப் பயணத்தில் சேரும் ஆவல் எழுந்தது, தந்தையார் தடுத்தார். 1870இல் முனைவர் பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டே தந்தையாரை இழந்தார். 1872இல் தாயகப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார்.

நீர்மங்களின் பரப்பு இழுவிசை குறித்து 1886இல் அவர் கண்ட விதி இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது. ஆயினும் அவரது வாழ்நாளை ஆட்கொண்டது முறுக்குத் தராசு என்னும் கருவியே. அதன் அமைப்பு எளியது. மெல்லிய உலோக இழையொன்றில் கிடையாகத் தொங்கும் கோல். அதன் இரு முனைகளிலும் இரு பொருள்கள். பூமியின் ஈர்ப்பு பொருளைக் கீழே இழுக்கிறது. பூமியின் சுழற்சி அதே பொருளை வெளியே தள்ள முனைகிறது. இவ்விரண்டும் எல்லாப் பொருள்களையும் ஒரே விகிதத்தில் பற்றுமாயின் கோல் அசையாது நிற்கும். செம்பை ஒருவிதமாகவும் மரத்தை வேறுவிதமாகவும் பற்றுமாயின் இழை முறுகிக் கோல் திரும்பும். அந்தத் திருப்பத்தைக் கண்ணாடியில் பிரதிபலிக்கச் செய்து, தொலைநோக்கியால் நோக்கி அளந்தார். இரண்டு கோடியில் ஒரு பங்கு அளவுக்கும் வேறுபாடு இல்லை என்று 1889இல் அறிவித்தார்.

அத்தராசை அவர் ஆய்வுக்கூடத்துக்குள் அடைத்து வைக்கவில்லை. 1891இல் ஷாக் குன்றுக்கு எடுத்துச் சென்றார். 1901இலும் 1903இலும் உறைந்து கிடந்த பலட்டோன் ஏரியின் பனிப்பரப்பின்மேல் நிறுத்தினார். மேடுபள்ளம் இல்லாத அவ்விடத்தில், நிலத்தடிப் பாறைகளின் அடர்த்தி வேறுபாட்டை ஈர்ப்பின் நுண்மாற்றம் காட்டிக்கொடுத்தது. பிற்காலத்தில் எண்ணெய் வயல்களைத் தேடிக் கண்டறிய உதவிய முதற் கருவிகளுள் இத்தராசும் ஒன்றாயிற்று.

1906இல் கோட்டிங்கன் பல்கலைக்கழகம் ஈர்ப்பையும் நிலைமத்தையும் ஒப்பிடும் ஆய்வுக்குப் பரிசு அறிவித்தது. எட்வெஷ், தம் உடனுழைப்பாளர்களான தெஷோ பெக்கார், யெனோ ஃபெக்கெட்டே ஆகியோருடன் மீண்டும் தராசின்முன் அமர்ந்தார். பிளாட்டினம், செம்பு, பாம்புமரம், நீர், கல்நார், விலங்குக் கொழுப்பு எனப் பல பொருள்களை மாற்றி மாற்றித் தொங்கவிட்டனர். 1909இல் பரிசும் கிட்டியது. இருபது கோடியில் ஒரு பங்குக்குமேல் வேறுபாடு இல்லை என்பதே முடிவு. இந்தச் சமன்பாட்டின்மீதுதான் ஐன்ஸ்டைன் தம் பொதுச் சார்பியலை எழுப்பினார்.

ஆய்வாளராக மட்டும் அவர் வாழவில்லை. 1889 முதல் 1905 வரை ஹங்கேரி அறிவியற் கழகத்தின் தலைவராயிருந்தார். 1894இல், தந்தையார் வகித்த அதே கல்வி அமைச்சர் பொறுப்பை ஏற்று, சில திங்களில் விலகினார். 1895இல் ஆசிரியர்களைப் பயிற்றும் கல்லூரி ஒன்று தந்தையாரின் பெயரால் நிறுவப்பட அவரே காரணர். விடுமுறைகளில் தம் மகளிர் இருவருடன் டோலமைட் மலைகளில் ஏறினார். அங்குள்ள சிகரமொன்று 1902இல் அவர் பெயரைப் பெற்றது.

1919 ஏப்ரல் 8ஆம் நாள், போரில் தோற்று ஆட்சி மாறிக் கலங்கியிருந்த புடாபெஸ்ட் நகரில் அவர் கண்மூடினார். பரிசு பெற்ற ஆய்வின் முழு வடிவம் 1922இல்தான் அச்சேறியது. அதில், வேறுபாடு இல்லை என்ற முடிவோடு, ஒவ்வோர் இணைப் பொருளுக்கும் கிடைத்த எண்ணும் இடம்பெற்றது. அவ்வெண்கள் மிகச் சிறியவை. ஆனால் அவை யாவும் சுழியம் அல்ல. அந்த எச்சங்களை உடனுழைப்பாளர்கள் திருத்தவில்லை, மறைக்கவுமில்லை.

ஈர்ப்பு, மின்காந்தம், அணுக்கருவினுள் இயங்கும் வலியது, மெலியது என விசைகள் நான்கு என்பது இயற்பியலின் கணக்கு. 1986 ஜனவரியில், அமெரிக்க அறிஞர் எஃப்ரைம் ஃபிஷ்பாக்கும் துணைவர்களும் எட்வெஷின் பழைய பட்டியலை மீண்டும் ஆராய்ந்தனர். பொருள்களை அவற்றின் அணுக்கருத் துகள்களின் எண்ணிக்கைக்கும் நிறைக்கும் உள்ள விகிதப்படி அடுக்கியபோது, எச்சங்கள் ஒரு நேர்கோட்டை ஒட்டி அமைந்தன. சில நூறு மீட்டர் தொலைவுக்குள் மட்டும் செயற்படும், ஈர்ப்புக்கு எதிரான ஐந்தாம் விசை ஒன்று இருக்கலாம் என அவர்கள் அறிவித்தனர்.

குன்றின் சரிவிலும் சுரங்கத்திலும் உயர்ந்த கோபுரத்திலும் தேடல் தொடங்கிற்று. ஓரிரு ஆய்வுகள் ஆம் என்றன. நுட்பம் மிக்கவை இல்லை என்றன. வாஷிங்டன் பல்கலைக்கழகக் குழுவினர் எட்வெஷின் பெயரையே தம் பெயரோடு இணைத்துக்கொண்டு, அவருடைய தராசின் வழித்தோன்றலாலேயே அந்த விசையைத் தேடிக் காணாது மீண்டனர். 2016இல் ஏவப்பட்ட பிரெஞ்சுச் செயற்கைக்கோளின் இறுதி முடிவு 2022இல் வெளிவந்தது. டைட்டானியமும் பிளாட்டினமும் விழுவதில், ஆயிரம் இலட்சம் கோடியில் சில பங்கு என்னும் நுட்பத்திலும், வேறுபாடு தென்படவில்லை. ஆயினும், எட்வெஷின் எச்சங்கள் ஏன் அவ்வாறு ஒரு கோட்டில் அமைந்தன என்பதற்கு எல்லாரும் ஒப்பும் விடை இன்னும் கிட்டவில்லை.

தம் முடிவுக்குத் தேவைப்படாத எண்களை அம்மூவரும் நீக்கியிருந்தால் எவரும் குறை கூறியிருக்கமாட்டார்கள். ஐந்தாம் விசை என்னும் கனவும் பிறந்திராது. அக்கனவைச் சோதிக்கப் பிறந்த கருவிகளும் வந்திரா. திருக்குறளின் நடுவுநிலைமை அதிகாரம் துலாக்கோலையும் பேசுகிறது. ஒருவர் விட்டுச்செல்லும் எச்சத்தையும் பேசுகிறது. யாப்புக்கு இசையவில்லை என்று உண்மையான சொல்லை அடித்துவிட்டுப் பொருந்தும் சொல்லை இடும் ஆசை நம் அனைவருக்கும் உண்டு. பத்தாண்டு நிறைவு காணும் நம் வட்டத்துக் கவிஞர்கள் எழுதுகோலை எடுக்கும்போது, இழையொன்றில் தொங்கிய அந்தக் கோலைச் சற்றே நினைத்துக்கொள்ளலாம்.