வளைவை ஆராய்ந்த வீரர்: யார்னோ சாரினென்

செய்யுளும் இலக்கணமும் கற்பிப்பவன் ஒரு மோட்டார் சைக்கிள் ஓட்டியின் வரலாற்றை எழுதப் புகுந்ததேன் என்று அன்பர் சிலர் வினவலாம். எத்தொழிலாயினும் அதன் நுட்பத்தை ஏன், எதற்கு என்று ஆராய்ந்து, முன்னோர் முறையிற் புதிதொன்றைச் சேர்ப்பவன் அத்தொழிலுக்கு ஆசிரியனாவான் என்பது என் கொள்கை. பின்லாந்து நாட்டவராகிய யார்னோ சாரினென் அத்தகைய ஆசிரியர். அவர் வாழ்ந்த காலம் 27 ஆண்டுகளே.

1945ஆம் ஆண்டு டிசெம்பர் 11ஆம் நாள் துர்க்கு நகரில் அவர் பிறந்தார். வடபுலமாகிய அந்நாட்டில் மாரிக்காலத்தில் ஏரிகள் உறைந்து கற்பாறைபோல் இறுகிவிடும். அப்பனிக்கட்டித் தரைமீது மோட்டார் சைக்கிட் பந்தயங்கள் நடைபெறும். இளமையில் அவர் பயின்ற களம் அதுவே. சக்கரம் வழுக்குவதைக் கண்டு அஞ்சாது, வழுக்கும் வண்டியை உடலின் அசைவால் நிலைநிறுத்தும் பயிற்சியை அங்கே பெற்றார். கல்லூரியிற் பயின்றது இயந்திரப் பொறியியல். 1970இல் உலகப் பந்தயங்களிற் கலந்துகொண்டு முன்னணியில் நின்றபோதும், பருவத்தின் இறுதிப் பந்தயங்களைக் கைவிட்டுப் படிப்பை முடிக்கச் சென்றார். மாணவர் இதனை மனத்திற் கொள்வாராக.

இனி அவர் ஆராய்ந்த நுட்பத்தைக் கூறுவேன். நேர்வழியில் விரைவதற்கு எஞ்சினின் வலிமை போதும்; வளைவில் விரைவதற்கு ஓட்டுபவனின் அறிவு வேண்டும். வளைவில் திரும்பும் வண்டி உட்புறமாகச் சாய்ந்தே தீரவேண்டும். எவ்வளவு சாய்தல் வேண்டும் என்பதை வேகமும் வளைவின் ஆரையும் தீர்மானிக்கின்றன. 50 மீற்றர் ஆரையுள்ள வளைவில் மணிக்கு 72 கிலோமீற்றர் வேகத்திற் செல்வதாயின், ஓட்டியும் வண்டியும் சேர்ந்து ஏறக்குறைய 39 பாகை சாய்தல் வேண்டும். வேகம் இருமடங்காயின் திருப்புதற்கு வேண்டிய விசை நான்கு மடங்காகிவிடும்.

முந்திய ஓட்டிகளிற் பெரும்பாலோர் உடலை வண்டியின் நடுக்கோட்டிலேயே வைத்து, வண்டியோடு தாமும் ஒன்றாய்ச் சாய்ந்தனர். பார்ப்பதற்கு அது மிக அழகிய கோலம். ஆயினும் வண்டி அளவுக்கு மீறிச் சாய்ந்தால் மிதிதாங்கி தரையில் உரசும், சக்கரம் பிடிப்பிழக்கும். சாரினென் வளைவினுள்ளே தம் உடலை ஆசனத்தினின்று உட்புறமாக நகர்த்தி, முழங்காலையும் வெளியே நீட்டினார். அதனால் ஓட்டியும் வண்டியும் சேர்ந்த மொத்தப் பொருளின் புவியீர்ப்பு மையம் உட்புறம் நகர்ந்தது. அதே வேகத்திற்கு வண்டி முன்னையினும் குறைவாகச் சாய்ந்தாற் போதுமாயிற்று. எஞ்சிய சாய்வு கையிருப்பாக நின்றது. முழங்காலை நீட்டியவர் அவருக்கு முன்னும் சிலர் இருந்தனர். அதனை ஒரு முறையாக வளர்த்து வெற்றி கண்ட பெருமை அவரைச் சாரும்.

1971இல் செக்கோசிலோவாக்கியாவில் 350 சி.சி. பிரிவில் முதல் உலகப் பந்தய வெற்றியைப் பெற்றார். 1972இல் யமஹா வண்டியில் 250 சி.சி. உலகப் பட்டத்தை வென்றார். அவ்வாண்டில், வெல்லற்கரியவர் எனப் போற்றப்பட்ட இத்தாலிய வீரர் அகொஸ்தினியையும் ஜேர்மனியின் நூர்பேர்க்ரிங் களத்திலே 350 சி.சி. பந்தயத்தில் முந்தினார். எண்ணற்ற வளைவுகள் நிறைந்த மலைப்பாங்கான களம் அது. 1973இல் அமெரிக்காவின் டேடோனா நகரில் 200 மைற் பந்தயத்தில் 350 சி.சி. வண்டியிற் சென்று, 750 சி.சி. வரையான பெரிய வண்டிகளைத் தோற்கடித்தார். அப்பந்தயத்தை வென்ற முதல் ஐரோப்பியர் அவரே. அவ்வாண்டின் 250 சி.சி. உலகப் பந்தயங்களில் முதல் மூன்றையும், 500 சி.சி. பிரிவில் முதல் இரண்டையும் வென்றார்.

1973 மே 20ஆம் நாள் இத்தாலியின் மொன்சா களத்தில் 250 சி.சி. பந்தயம் தொடங்கியது. முதற் சுற்றிலே, பெருவளைவில், முன்னே சென்ற ரென்சோ பசோலினி விழுந்தார். பின்வந்த சாரினெனுக்கு விலக இடமில்லை. இருவரும் அவ்விடத்திலேயே உயிர்நீத்தனர். பத்துக்கு மேற்பட்ட ஓட்டிகள் அவ்விபத்திற் சிக்கினர். பசோலினியின் எஞ்சின் இறுகிற்று என்பாரும், முந்திய பந்தயத்திற் சிந்திய எண்ணெயே காரணம் என்பாரும் உளர். காரணம் எதுவாயினும் ஓடுபாதையை ஒட்டி இரும்பு வேலி நின்றது. விழுந்தவன் தப்புதற்கு வெளி விடப்படவில்லை. அதே ஆண்டு யூலையில் அக்களத்திலேயே மேலும் மூன்று ஓட்டிகள் மாண்டனர். யமஹா நிறுவனம் எஞ்சிய பருவத்தினின்று விலகியது. மோட்டார் சைக்கிள் உலகப் பந்தயம் மொன்சாவுக்கு மீண்டும் வந்தது 1981இலேயே.

வள்ளுவர் வலியறிதலை ஓர் அதிகாரமாக வகுத்து, தன் வலியோடு செயலின் வலியையும் மாற்றான் வலியையும் துணையின் வலியையும் தனித்தனியே எண்ணச் சொன்னார். சாரினென் தம் வலியை அறிந்தார். வண்டியின் வலியையும் அறிந்தார். களத்தைச் செம்மையாக்கும் கடன் களத்தை அமைத்தோரைச் சேர்ந்தது. அக்கடன் செய்யப்படாதவிடத்து எவ்வளவு பெரிய கலைஞனும் காக்கப்படான் என்பதை அவர் முடிவு உணர்த்துகிறது.

அவர் கலை அவரோடு மாயவில்லை. அவர் ஓட்டக் கண்ட அமெரிக்கர் கென்னி ரொபேர்ட்ஸ் அம்முறையை மேலும் வளர்த்து, முழங்கால் தரையைத் தொடுமளவும் சாய்ந்தார். 1978 முதல் மூன்றாண்டுகள் தொடர்ந்து 500 சி.சி. பட்டத்தை வென்றார். இன்று பந்தயக் களத்தில் வளைவிற் சாயும் ஓட்டி ஒவ்வொருவரும் அப்பரம்பரையினரே.

நம் இளைஞருக்கு ஒன்று கூறி முடிக்கிறேன். பந்தயக் களத்திற் போக்கு ஒருதிசையது. அங்கே எதிரே பஸ் வருவதில்லை, மாடு படுத்திருப்பதில்லை, மணல் பரந்து கிடப்பதில்லை. நம் தெருவின் வளைவுக்கு அப்பால் இவற்றில் எது நிற்கிறதென்று எவரும் அறியார். சாரினெனின் முழங்காலைப் பின்பற்றுவது எளிது. அம்முழங்காலை நீட்டுமுன் அவர் ஏரியிலும் கல்லூரியிலும் கழித்த ஆண்டுகளைப் பின்பற்றுவோரையே நான் அவர் மாணாக்கர் என்பேன்.