மேகத்துக்கு நடுவே நட்சத்திரம் எண்ணியவர்

எங்கள் ஊர் கூக்கால். ஏரி உண்டு, பூண்டுக் காடு உண்டு, மூடுபனி வேண்டிய மட்டும் உண்டு. இந்த மூலையில் பிறந்தவன் என்னத்தைச் சாதிக்கப் போறான் என்று கேட்பவர்களும் உண்டு. அவர்களுக்காகவே எட்மண்ட் ஹாலியைப் பற்றி எழுதுகிறேன். ஹாலி வால்நட்சத்திரம் என்கிறோமே, அந்த ஹாலிதான்!

1656-ல் லண்டனில் பிறந்தவர். அப்பா வசதியான சோப்பு வியாபாரி. தெற்கு வானத்து நட்சத்திரங்களைத் தொலைநோக்கி வைத்து யாரும் ஒழுங்காக அளக்கவில்லை என்ற குறை, ஆக்ஸ்போர்டில் படிக்கும்போதே அவரை உறுத்தியது. 1676-ல், இருபது வயதில், பட்டம் வாங்காமலே கப்பல் ஏறிவிட்டார்.

போன இடம் அட்லாண்டிக் கடல் நடுவே செயின்ட் ஹெலினா தீவு. ஆப்பிரிக்கக் கரையிலிருந்து சுமார் 1,900 கிலோமீட்டர். எரிமலையால் உண்டான, 122 சதுர கிலோமீட்டர் மலைப்பாறை. 1502-ல் போர்த்துக்கீசியர் கண்டபோது அங்கே மனித வாசமே கிடையாது. பிறகு கிழக்கிந்தியக் கம்பெனி அதை இந்தியாவிலிருந்து திரும்பும் கப்பல்கள் தண்ணீர் பிடிக்கும் இடமாக்கியது. நெப்போலியன் சிறையிருந்து 1821-ல் இறந்ததும் இங்கேதான். இன்றைக்கும் மொத்த ஜனம் சுமார் நாலாயிரம். பயணிகள் விமானம் வந்ததே 2017-ல்தான்.

மலைமேல் கருவிகளை நிறுத்தினார் ஹாலி. ஆனால் வானம்? எங்க ஊர் மாதிரியேதான். வாரக்கணக்கில் மேகம். லென்ஸில் நீர் படியும், நனைந்த காகிதத்தில் மை நிற்காது. அவரோ அசரவில்லை. மேகம் விலகிய நேரமெல்லாம் அளந்து, ஓராண்டில் 341 நட்சத்திரங்களின் இடத்தைக் குறித்தார். 1677-ல் புதன் சூரியனைக் கடப்பதையும் பார்த்தார். அதிலிருந்துதான், வெள்ளி சூரியனைக் கடக்கும்போது அளந்தால் சூரியனின் தூரத்தைக் கணக்கிடலாம் என்ற யோசனை வளர்ந்தது. அதற்காகவே 1769-ல் நம்ம புதுச்சேரியில் காத்திருந்த பிரெஞ்சுக்காரர் லெ ஜென்டிலுக்கும் மேகமே குறுக்கே வந்தது!

ஊர் திரும்பிய ஹாலி, நியூட்டனின் பெரிய நூலைத் தன் கைக்காசு போட்டு 1687-ல் அச்சிட்டார். 1531, 1607, 1682 ஆண்டுகளில் வந்தது ஒரே வால்நட்சத்திரம்தான், மறுபடி 1758-ல் வரும் என்று 1705-ல் கணக்குப் போட்டுச் சொன்னார். 1742-ல் இறந்துபோனார். சொன்னபடி 1758 கிறிஸ்துமஸ் இரவில் அது தெரிந்தது.

ஹாலிக்குப் பணம் கொடுக்க அப்பா இருந்தார். என் அப்பா கைநாட்டு. பூண்டு மூட்டை சுமந்த காசில் ஃபீஸ் கட்டுகிறார். போன வருஷம் கணக்கில் அரியர் விழுந்தபோது படிப்பை விட்டுவிடலாம் என்றே நினைத்தேன். சர்வே பாடத்துக்காகப் படிக்கப் போய் ஹாலியைத் தெரிந்துகொண்டேன். மேகம் மூடினால் கருவியைக் கட்டி வைக்கக் கூடாது, விலகும் வரை பக்கத்திலேயே நிற்க வேண்டும் என்று புரிந்தது. அரியரை மறுபடி எழுதினேன், பாஸ் பண்ணிட்டேன்.

அந்த வால்நட்சத்திரம் 1986-ல் வந்து போனது. அடுத்து 2061-ல் வரும். அப்போது கூக்கால் ஏரிக்கரையில் நிற்பேன். மேகம் இருந்தாலும் சரி, காத்திருப்பேன்.

— மூன்றாம் ஆண்டு, சிவில் துறை மாணவன்